எழுதிய பின் ஒரு கல் உப்பு

சங்குமுனையில் சந்தைக்கிணறு பேசத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை, மீன் ஏலம் முடிந்து பெண்கள் கூடைகளைக் கழுவிக் கவிழ்க்கிற நேரத்தில். வானத்துக் குரல், அசரீரி என்றெல்லாம் நினைத்துவிடாதீர்கள். இரண்டு மைல் தள்ளி, உப்பளத்துக்கு அந்தப் பக்கம், படகுத்துறை அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த பனிமயத்தின் குரலில்தான் அது பேசியது, அவளுடைய அதே கறாரான, கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தைகூடத் தராத குரலில்.

பனிமயம் யாரென்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. ஏழு குடியிருப்புகளுக்கும் சேர்த்து நூற்று முப்பத்தேழு படகுகள் அந்தக் கரையில் உண்டு. எது கடலில் நிற்கிறது, எது கரையேறிவிட்டது என்று எழுதிவைக்கிற பெரிய புத்தகம் அவள் பொறுப்பில் இருந்தது. படகுக்கு ஒரு பக்கம். பக்கத்தின் கடைசி வரிதான் நடப்பு, மேலே இருப்பதெல்லாம் முடிந்துபோன கதை. துறைவாயைக் கடக்கிற படகுக்காரன் துடுப்பைத் தூக்கிக் காட்டுவான். நெட்டுக்குத்தாகப் பிடித்தால் வடபாருக்குப் போகிறான், கிடையாகப் பிடித்தால் நடுப்பாருக்கு; பார் என்பது மீன் கூடுகிற கடலடிப் பாறைத்திட்டு. திரும்பி வரும்போது துடுப்பால் தண்ணீரில் மூன்று அடி. ஒற்றை ஜன்னல் வழியாகப் பார்த்து அவள் எழுதுவாள்: படகின் பெயர், கடலில் அல்லது கரையில், எந்தப் பார், ஆள் எத்தனை. அவ்வளவுதான் வேலை, ஆனால் அந்த வரியில்தான் உயிர் தொங்கியது, ஏனென்றால் காற்று கிளம்பினால் புத்தகத்தில் கடலில் என்று இருக்கிறவனைத் தேடிப் போவார்கள், கரையில் என்று இருக்கிறவனைத் தேட மாட்டார்கள்.

அவளுடைய அப்பாவைத் தேடவில்லை. அவளுக்குப் பதினெட்டு வயதில், அப்போது புத்தகம் எழுதிக்கொண்டிருந்த ஆள் சாராய மயக்கத்தில் சமுத்திரத்தாய் என்ற படகின் பக்கத்தில் ‘கரையில்’ என்று எழுதிவைத்துவிட்டுத் தூங்கிப்போனான், அப்பாவும் அவரோடு போன இரண்டு பேரும் வரவேயில்லை. மறு வருஷம் அந்த நாற்காலியில் பனிமயம் போய் உட்கார்ந்தாள். இருபது வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். ஒரு வரி தப்பியதில்லை என்று ஊரே சொல்லும், அவளும் அதை மறுத்துப் பேசியதில்லை. அப்பாவின் பக்கத்தை மட்டும் அவள் தொடவில்லை; கண்ணால் பார்க்காததை எழுதுவதில்லை என்று ஒரு வைராக்கியம், அதனால் அந்தப் பொய் அப்படியே கடைசி வரியாகக் கிடந்தது.

செல்போன் கோபுரம் அந்தப் பக்கம் எட்டிப்பார்க்காத காலம் அது. புருஷன் வந்தானா, பிள்ளை வந்தானா என்று தெரிந்துகொள்ளப் பெண்கள் இரண்டு மைல் மணலில் கால் பொசுங்க நடந்து போய், வரிசையில் நின்று, அவள் பக்கம் புரட்டுகிறவரை காத்திருந்து, ஒற்றை வார்த்தையைக் கேட்டுக்கொண்டு இரண்டு மைல் திரும்பி நடப்பார்கள். அலுவலகத்தில் கிடைக்கிற தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. அதனால் பனிமயம் தினமும் காலையில் சந்தைக்கிணற்றில் ஒரு மண்பானை இறைத்து இடுப்பில் வைத்துக்கொண்டு போவாள். அந்தப் பானைக்கும் இந்தக் கதையில் வேலை இருக்கிறது.

அந்தச் செவ்வாய்க்கிழமை, மீன் வியாபாரம் செய்கிற சலேத்மேரி கிணற்றுக்குள் வாளியை விட்டபடி, யாரிடமும் கேட்காமல் தன் பாட்டுக்கு, “அலங்காரி வந்துட்டா?” என்றாள். அலங்காரி அவள் தம்பியின் படகு. அதே நிமிஷம் அலுவலகத்தில் பானைத் தண்ணீர் லேசாக நடுங்கி, சலேத்மேரியின் குரலில், அலங்காரி வந்துட்டா என்றது. யாரோ ஜன்னலுக்கு வெளியே நிற்கிறார்கள் என்று நினைத்த பனிமயம் தலையைத் தூக்காமலே பக்கத்தைப் புரட்டி, “அலங்காரி. கரையில். ஆள் நாலு” என்று வாசித்தாள். கிணறு அதை அப்படியே சொன்னது. சலேத்மேரி, சரி என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், உலையில் அரிசியைக் களைந்து போட்டு, அரிசி பாதி வெந்த பிறகுதான், இப்போது நமக்குப் பதில் சொன்னது யார் என்று யோசித்தாள்.

ஊர் அதை எடுத்துக்கொண்ட விதத்தைத்தான் சொல்ல வேண்டும். முதல் நாள் எல்லோரும் ஓடிவந்தார்கள், இரண்டாம் நாள் வரிசை போட்டார்கள், மூன்றாம் நாள் ஒழுங்குமுறை வகுத்தார்கள். படகின் பெயரைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், ஆளின் பட்டப்பெயரைச் சொல்லக் கூடாது. ஒரு பெயரை ஒரே ஆள் ஒரு நாளில் ஒரு தடவைக்கு மேல் கேட்கக் கூடாது. காணாமல்போன ஆட்டையும் மருமகளின் மூக்குத்தியையும் விசாரித்தவர்களுக்குக் கிணறு வாயே திறக்கவில்லை, புத்தகத்தில் இருப்பதைத் தவிர அதற்கு ஒன்றும் தெரியாது. பங்குச் சாமியார் வந்து, அங்கியை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, கிணற்றுக்குள் குனிந்து மூன்று படகுகளின் பெயரைக் கேட்டு, பதில்களை ஒரு தாளில் குறித்து, சைக்கிள் மிதித்து அலுவலகத்துக்குப் போய்ப் புத்தகத்தோடு ஒத்துப்பார்த்தார். எழுதியிருப்பதைத் திருப்பிச் சொல்வது தெய்வ அற்புதம் ஆகாது, ஆகவே மெழுகுவர்த்தி ஏற்றக் கூடாது, ஆனாலும் வாளியைக் கொஞ்சம் மெதுவாக விடுங்கள் என்று தீர்ப்புச் சொன்னார். அதற்கப்புறம் யாரும் வாளியைத் தடாலென்று போடவில்லை.

இன்னொரு சங்கதி கண்டுபிடித்தார்கள். ஒரு பெயரை முதல் தடவை கேட்டால்தான் கிணறு சற்று நேரம் மூச்சடக்கி நிற்கும், பானைக்குப் போய்ப் பனிமயத்திடம் கேட்டு வர அவ்வளவு நேரம். அதே பெயரை அடுத்து யார் கேட்டாலும் கண் இமைப்பதற்குள் பதில் வந்துவிடும், ஏனென்றால் கேட்டதை அது மனசில் போட்டுவைத்துக்கொள்ளும். அந்த வேகத்தில் ஊர் சொக்கிப்போனது. நிறைமாதக்காரி படியில் உட்கார்ந்தபடி கேட்டாள், கண் தெரியாதவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டார், ஏழு குடியிருப்புப் பெண்களின் பாதங்களும் அந்த வருஷம்தான் முதல்முறையாகக் கொப்புளம் இல்லாமல் இருந்தன. பனிமயமும் சந்தோஷப்பட்டாள். ஆனால் ஊருக்குப் போகும்போது, ஒரு கிணற்றடியில் தன் குரல் தனியாகப் பேசிக்கொண்டிருப்பதைக் கேட்கையில், அவளுக்கு உடம்பு சிலிர்த்து அடங்கும்.

கோளாறு அந்த வாரமே தெரிந்தது. மனசில் போட்டுவைத்ததைக் கிணறு மாற்றிக்கொள்வதில்லை. காலையில் கரையில் என்று சொன்னதை, படகு கடலுக்குப் போய் நாலு மணி நேரம் ஆன பிறகும், கரையில் என்றே அடித்துச் சொன்னது. கணவன் கரையேறிவிட்டான் என்று நம்பி நண்டுக் குழம்பு வைத்துக் காத்திருந்த ஒருத்தி, சாயங்காலம் அவன் வந்தபோது எந்த வீட்டில் இருந்து வருகிறாய் என்று பிடித்துக்கொண்டாள். அந்தச் சண்டை மூன்று தெரு கேட்டது. உண்மை தெரிந்ததும் அவளுக்கு வந்த கோபத்தில், கருவாட்டுக்கு வைத்திருந்த உப்பில் இரண்டு கை அள்ளிக் கிணற்றில் வீசினாள். கிணறு எல்லாவற்றையும் மறந்துபோனது.

மறந்த கிணறு என்ன செய்யும், கேட்ட ஒவ்வொரு பெயருக்கும் பானையைத்தான் தேடிப் போகும். செய்தி பரவி ஊரே கிணற்றடிக்கு வந்து ஒரே நேரத்தில் கத்த, அலுவலகத்தில் பானை நூற்று முப்பத்தேழு பெயரையும் நூற்று முப்பத்தேழு குரலில் ஒன்றாகக் கேட்டுக் குதிக்க ஆரம்பித்தது. பனிமயம் பக்கம் புரட்டிப் புரட்டி, வாசித்து வாசித்து, பொழுது சாய்வதற்குள் குரல் போய், மூன்று நாள் சுக்குத் தண்ணீர் குடித்துக்கொண்டு ஊமையாகக் கிடந்தாள். அந்த மூன்று நாளும் கிணறும் ஊமை.

அதன் பிறகுதான் படகுக்காரர் சங்கத் தலைவர் தொம்மைக்குரூஸ் கூட்டம் கூட்டி, கிணற்றில் யாரும் உப்பு வீசக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டார். பனிமயமே ஒரு வழி கண்டுபிடித்தாள். பானையில் ஒரே ஒரு கல் உப்பைப் போட்டு ஒரு படகின் பெயரைச் சொன்னால், கிணறு அந்த ஒரு படகை மட்டும் மறந்துவிடும். ஒரு படகின் நிலை மாறுகிறதா, புத்தகத்தில் புது வரி எழுது, பெயரைச் சொல்லி ஒரு கல் உப்பைப் பானையில் போடு. அடுத்து யாராவது அந்தப் பெயரைக் கேட்டால் கிணறு பானையிடம் வரும், அவள் புது வரியை வாசிப்பாள், கிணறு அதை வைத்துக்கொள்ளும். கிணறும் புத்தகமும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒன்றாகவே நடந்தன. இதற்கு மேல் ஊருக்கு என்ன வேண்டும்?

கஸ்பார் என்று ஒருவன். நாற்பத்திரண்டு வயது, தனி ஆள், ஊர்க் கோடியில் தனி வீடு, விடிவெள்ளி என்ற சின்ன பைபர் படகில் தனியாகவே போவான், தனியாகவே வருவான். அவனைத் தேடிக் கிணற்றடிக்கு வர ஒரு ஜீவன் கிடையாது. ஆனால் அவன் தினமும் கரையேறியதும் கிணற்றடிக்கு வந்து, ஈர உடம்போடு குனிந்து, “விடிவெள்ளி” என்று கேட்பான். கிணறு மூச்சடக்கி, பிறகு பனிமயத்தின் குரலில், விடிவெள்ளி, கரையில், ஆள் ஒன்று என்று சொல்லும். அவன் தலையை ஆட்டிக்கொண்டு போய்விடுவான். படகை விட்டு இறங்கின கால் காயவில்லை, அதற்குள் படகு எங்கே என்று கேட்கிறானே, இவனுக்கு மூளை கலங்கிவிட்டதா என்று சலேத்மேரி முதலில் கேலி பேசினாள், கொஞ்ச நாளில் விஷயம் புரிந்து கேலியை விட்டுவிட்டாள். அலுவலகத்தில் பானை அந்தக் குரலில் கேட்கும்போது பனிமயத்துக்கும் புரிந்தது. பதினைந்து வருஷமாக அவன் துடுப்பை மற்றவர்களைவிட ஒரு நொடி அதிகமாகத் தூக்கிப் பிடிக்கிறான் என்பதும் அவளுக்குத் தெரியும். இருவரும் நேரில் பேசிக்கொண்ட வார்த்தைகள் ஒரு கை விரலுக்குள் அடங்கும்.

இனி அவள் செய்த தப்பு. கடற்கரை உப்பு எப்போதும் ஈரம் கோத்துக்கொண்டே இருக்கும். தொட்டால் விரலில் பிசுபிசுக்கும். எழுதிய கையோடு உப்பை எடுத்துப் போட்டுவிட்டு, அடுத்த படகுக்குப் பேனாவைத் தொட்டால் மை ஊறிப் பக்கத்தில் நீலத் திட்டு விழும். பனிமயத்துக்குப் புத்தகம் சுத்தமாக இருக்க வேண்டும், திட்டு விழுந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. அதனால் வரிசையை அவளே மாற்றிக்கொண்டாள். துடுப்பைப் பார்த்ததும் முதலில் உப்பு, பிறகு முந்தானையில் கையைத் துடைப்பது, பிறகு பேனா. கை துடைக்கிற நேரம்தானே, இதில் என்ன வந்துவிடப் போகிறது? யாரும் பார்க்கவில்லை, ஆறு மாதம் ஒன்றும் நடக்கவும் இல்லை.

ஐப்பசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை, வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்க, விடிவெள்ளி துறைவாயைக் கடந்தது. கஸ்பார் துடுப்பைக் கிடையாகத் தூக்கினான், வழக்கம்போல ஒரு நொடி கூடுதலாக. நடுப்பார். பனிமயம் பெயரைச் சொல்லி உப்பைப் போட்டாள், கையைத் துடைத்தாள். அந்த நேரம் பார்த்துப் பானை சலேத்மேரியின் குரலில், விடிவெள்ளி இருக்கா, போயிட்டா என்று கேட்டது. தன் ஐஸ் பெட்டியை அவனிடம் இரவல் கொடுத்திருந்தாள், அதை வாங்கிவரப் போகலாமா என்று பார்க்கத்தான் கேட்டாள். இருபது வருஷப் பழக்கம், பனிமயத்தின் கண் புத்தகத்தில் கடைசியாக இருந்த வரிக்குப் போனது, வாய் தானாக வாசித்தது: “விடிவெள்ளி. கரையில். ஆள் ஒன்று.” வாசித்து முடித்துப் பேனாவைத் திறந்து, அதன் கீழே அழகாக எழுதினாள்: விடிவெள்ளி, கடலில், நடுப்பார், ஆள் ஒன்று. எழுதியது உண்மை. ஆனால் அதற்கு முன்னாலேயே கிணறு பழையதை வாங்கி மனசில் போட்டுக்கொண்டுவிட்டது. சலேத்மேரி நேரில் போய்ப் பார்த்து, வீடு பூட்டியிருக்க, எங்கேயாவது பனங்காட்டுப் பக்கம் போயிருப்பான் என்று திரும்பிவிட்டாள்.

பதினொரு மணிக்குத் தென்கிழக்கு கறுத்தது. பன்னிரண்டுக்குப் புயல் கூண்டு ஏற்றினார்கள். அதன் பிறகு படகுகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே, துடுப்பு தண்ணீரில் மூன்று அடி, உப்பு, துடைப்பு, வரி, அடுத்து மூன்று அடி, உப்பு, துடைப்பு, வரி. ஊரில் தொம்மைக்குரூஸ் கிணற்று மேடையில் ஏறி நின்று, கையில் பெயர்ப் பட்டியலோடு, படகுகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். பானை ஓயாமல் கேட்டது, பனிமயம் ஓயாமல் வாசித்தாள். வந்த படகுகளை அலையின் கைக்கு எட்டாமல் பனைமரங்களுக்கு உள்ளே, எவன் படகு எவன் படகென்று பார்க்காமல், கிடைத்த இடத்தில் இழுத்துப் போட்டார்கள். மூன்று மணிக்குக் கிணறு நூற்று முப்பத்தேழாவது தடவையாகக் கரையில் என்றது. எல்லோரும் வந்தாயிற்று என்பதற்கு அடையாளமாகக் கோயில் மணியை அடித்தார்கள். பெண்கள் முழங்கால் போட்டு அழுதார்கள், ஆண்கள் பீடியைப் பற்றவைத்தார்கள்.

மணிச் சத்தம் காற்றில் பிய்ந்து பிய்ந்து அலுவலகம் வரைக்கும் வந்தது. பனிமயம் பெருமூச்சு விட்டு, நாள் முடிக்கிற கோட்டை ஒவ்வொரு பக்கத்திலும் போடத் தொடங்கினாள். தொண்ணூற்றோராவது பக்கத்தில் கை நின்றது. விடிவெள்ளி, கடலில், நடுப்பார், ஆள் ஒன்று.

துடுப்படி கேட்டதா? கேட்கவில்லை. பானை அந்தப் பெயரைக் கேட்டதா? இத்தனை கூச்சலில் அவள் கவனிக்கவில்லை, இப்போதுதான் நினைவு வந்தது, மதியத்திலிருந்து ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. பதில் ஏற்கெனவே கையில் இருந்தால்தான் கிணறு கேட்காது. காலையில் கேட்ட சலேத்மேரியின் குரல், முந்தானையில் துடைத்த ஈரம், மூடியிருந்த பேனா, எல்லாம் ஒன்றாக வந்து நெஞ்சில் இறங்கின. அப்பாவுக்குச் சாராயக்காரன் எழுதிய அதே வார்த்தையை அவள் கஸ்பாருக்குச் சொல்லியிருக்கிறாள். இப்போது ஒரு கல் உப்பைப் போட்டால் கிணறு மறந்துவிடும்தான், ஆனால் மறந்த கிணறு தானாக வாய் திறக்காது. மணி அடித்த பிறகு அந்தப் பெயரைக் கேட்கவும் ஆள் இல்லை.

புத்தகம் அலுவலகத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்பது சங்கத்தின் முதல் சட்டம். பனிமயம் ஒரு பிடி உப்பை முந்தானையில் முடிந்துகொண்டு, புத்தகத்தைத் தூக்கி, குழந்தையை அணைக்கிற மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு, மழையில் இறங்கி ஓடினாள். உப்பளத்து வரப்பில் வழுக்கி விழுந்தாள், எழுந்தாள், மணல் முகத்தில் அறைந்தது, அவள் நிற்கவில்லை.

கிணற்றடியில் முப்பது நாற்பது பேர் இன்னும் கலையாமல் நின்றார்கள். விடிவெள்ளி வரவில்லை என்றாள். தொம்மைக்குரூஸ் கிணற்றுக்குள் குனிந்து பெயரைச் சொன்னார். கிணறு இமைப்பதற்குள், அவளுடைய குரலில், தெளிவாக, அவசரமில்லாமல் சொன்னது: விடிவெள்ளி, கரையில், ஆள் ஒன்று. தன் வாயே தன்னைப் பொய்க்காரி என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டு அவள் மழையில் நின்றாள்.

தொம்மைக்குரூஸ் கெட்ட மனுஷன் இல்லை. அலை பனைமர உயரத்துக்கு எழுகிறது, இதில் படகை இறக்கினால் எட்டுப் பேரை இறக்க வேண்டும், எட்டுப் பேருக்கும் வீட்டில் பிள்ளைகள் உண்டு. கஸ்பார் எந்தப் பனங்காட்டிலாவது படுத்துக் கிடப்பான் என்று யாரோ சொன்னார்கள். அவர் பனிமயத்தைப் பார்த்து, “உன் குரல நம்பவா, உன் புத்தகத்த நம்பவா? ரெண்டும் நீதான தாயி” என்றார்.

“புத்தகத்த நம்புங்க மாமா,” என்றாள் பனிமயம். “கிணறு சொல்றது நான் சொன்னதுதான். ஆனா எழுதுறதுக்கு முந்திச் சொன்னது. மை ஊறுதுன்னு உப்ப முதல்ல போட்டேன். கைய தொடச்சு எழுதுறதுக்குள்ள கேள்வி வந்துட்டு, பழைய வரிய வாசிச்சிட்டேன். ஆறு மாசமா அப்படித்தான் செய்யுதேன். தப்பு என்னோடது, கிணத்தோடது இல்ல.”

இருபது வருஷத்தில் அவள் தப்பு என்று சொல்லி ஊர் கேட்டது அதுதான் முதல் தடவை. சலேத்மேரி தலையில் கை வைத்துக்கொண்டு, நான்தான் கேட்டேன், பாழாய்ப்போன பெட்டிக்காக நான்தான் கேட்டேன் என்றாள். பனிமயம் முந்தானை முடிச்சை அவிழ்த்து, மழையில் பாதி கரைந்திருந்த உப்பில் ஒரு கல்லைப் பொறுக்கி, பெயரைச் சொல்லிக் கிணற்றில் போட்டாள். புத்தகத்தை விரித்தாள். மழைத்துளி விழுந்த இடமெல்லாம் எழுத்து நீலமாகக் கலைந்து ஓடிக்கொண்டிருந்தது. ஓடி முடிவதற்குள் தொண்ணூற்றோராம் பக்கத்தைக் கிணற்றுக்கு மேல் பிடித்து உரக்க வாசித்தாள். கிணறு எப்போதும் அவள் வாயிலிருந்து வருவதைத்தான் வாங்கியது, பானை வழியாக வந்தாலென்ன, நேராக வந்தாலென்ன. அடியிலிருந்து குரல் திரும்பி எழுந்தது, ஈரக் கல்லில் மோதிக் கிணற்றடியில் நின்ற அத்தனை பேர் மார்பிலும் அதிர்ந்தது: விடிவெள்ளி, கடலில், நடுப்பார், ஆள் ஒன்று.

சலேத்மேரியின் தம்பி அலங்காரியை நோக்கி நடந்தான், அவன் பின்னால் ஏழு பேர் நடந்தார்கள். அலங்காரியையும் இன்னொரு படகையும் வடத்தால் ஒன்றாகப் பிணைத்து இறக்கினார்கள். நடுப்பார் என்று இடம் தெரிந்திருந்தது, அதனால் கடலைத் துழாவ வேண்டியிருக்கவில்லை.

போனவர்கள் வருகிறவரை ஊர் கிணற்றைச் சுற்றி நின்றது. சாமியாரும் வந்து குடையைத் தூக்கிப் போட்டுவிட்டு நனைந்துகொண்டு நின்றார். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை யாராவது ஒருவர் தாங்க மாட்டாமல் குனிந்து விடிவெள்ளி என்பார்கள். கடலில், நடுப்பார், ஆள் ஒன்று என்று கிணறு சொல்லும். ஒருவர் ஒரு தடவைக்கு மேல் கேட்கக் கூடாது என்ற கட்டுப்பாடு அன்று யாருக்கும் நினைவில்லை. அவனுக்காகக் கிணற்றடிக்கு வர ஒரு ஜீவன் இல்லை என்று சொன்னேனே, அன்றைக்கு ஏழு குடியிருப்பும் அவன் படகின் பெயரைக் கேட்டது. பனிமயம் மட்டும் கேட்கவில்லை. ஆள் ஒன்று, ஆள் ஒன்று என்று தன் குரல் சொல்லச் சொல்ல, அந்த ஒன்று எவ்வளவு பெரிய எண் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. மடியில் புத்தகம் கூழாகிக்கொண்டிருந்ததை அவள் பார்க்கவே இல்லை.

பொழுது அடங்குவதற்கு முன்னால் வந்துவிட்டார்கள். விடிவெள்ளியைப் பாறை இரண்டாக உடைத்துப் போட்டிருந்தது. சலேத்மேரியின் ஐஸ் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மிதந்த கஸ்பாரைத் தூக்கி வந்து மணலில் கிடத்தினார்கள், கண் திறந்திருந்தது. பெட்டியைத் திரும்ப வாங்க முடியாமல்போனதற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்ன வியாபாரி உலகத்திலேயே சலேத்மேரி ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

மறுநாள் வெயில் ஒன்றுமே நடக்காத மாதிரி அடித்தது. புத்தகத்தில் ஒரு பக்கம் மிச்சமில்லை, எல்லாம் நீலக் கூழ். தொம்மைக்குரூஸ் புதுப் புத்தகம் ஒன்று வாங்கி வந்து பனிமயத்தின் கையில் கொடுத்து, நீயே எழுது என்றார். வேறு யாருக்கும் அந்த வேலையைக் கொடுக்கும் எண்ணம் ஊரில் ஒருவருக்கும் இல்லை. புத்தகம் அழிந்தாலும் அதன் கடைசி வரிகள் எல்லாம் கிணற்றின் மனசில் இருந்தன. அவள் மேடையில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டாள், கிணறு அவள் குரலில் சொன்னது, அவள் எழுதினாள். இத்தனை நாளும் அவள் சொல்லக் கிணறு கேட்டது, அன்றைக்குக் கிணறு சொல்ல அவள் கேட்டாள். சுற்றி நின்றவர்கள் கோயிலில் நிற்கிற மாதிரி நின்றார்கள்.

நூற்று முப்பத்தாறு எழுதி முடித்ததும் அவள் யாரும் கேட்காத ஒரு பக்கத்தைத் திறந்தாள். கிணற்றைக் கேட்காமல், தானாக, மெதுவாக எழுதினாள்: சமுத்திரத்தாய், கடலில், ஆள் மூன்று. பழைய பொய் மழையோடு போயிருந்தது. மை காய்கிறவரை அந்தப் பக்கத்தை வெயிலுக்கு விரித்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

கடைசியில் விடிவெள்ளி. கஸ்பார் கம்பளியைப் போர்த்திக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தான். பெயரைக் கூப்பிட்டாள், கடலில், நடுப்பார், ஆள் ஒன்று என்றது கிணறு. அதை அப்படியே எழுதினாள். அதன் கீழே என்ன எழுதுவதென்று அவள் கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்தபடி இருந்தாள், ஏனென்றால் படகும் ஆளும் வேறு வேறு இடத்தில் இருப்பதாக அந்தப் புத்தகத்தில் அதுவரை ஒரு வரி எழுதப்பட்டதில்லை. பிறகு எழுதினாள். ஊதினாள். விரலால் தொட்டுப் பார்த்தாள், ஒட்டவில்லை. அதற்குப் பிறகுதான் உப்புக் கல்லை எடுத்துப் பெயரைச் சொல்லிக் கிணற்றில் போட்டாள்.

கஸ்பார் எழுந்து, தடுமாறி, கிணற்றுச் சுவரைப் பிடித்துக் குனிந்து, தினமும் கேட்கிற மாதிரி, “விடிவெள்ளி” என்றான்.

கிணறு மூச்சடக்கி நின்றது. இரண்டு மைலுக்கு அப்பால், ஆள் இல்லாத அலுவலகத்தில், பானை அவன் குரலில் அந்தப் பெயரைத் தனியாகக் கேட்டுக்கொண்டிருக்கும். பதில் சொல்ல வேண்டியவள் இங்கே, அவன் தோளுக்குப் பக்கத்தில் நின்றாள். அவள் கிணற்றைப் பார்க்கவில்லை.

“விடிவெள்ளி,” என்றாள் பனிமயம், அவன் முகத்தைப் பார்த்து. “படகு கடலில். ஆள் கரையில்.”

அடியிலிருந்து கிணறு அதைத் திருப்பிச் சொன்னது. அவன் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

“இன்னொரு தடவ சொல்லு,” என்றான்.

ஒருவர் ஒரு தடவைக்கு மேல் கேட்கக் கூடாது என்பது கிணற்றுக்குப் போட்ட கட்டுப்பாடு, அவளுக்குப் போட்டது இல்லை. அவள் சொன்னாள்.